லாட் நாற்பத்தொன்று

பெரிய படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மடித்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் அவர் சலவைக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். இந்த முனையை நான் பிடித்தால் அந்த முனையை அண்ணி பிடிக்க வேண்டும். இருவரும் பின்னால் நகர்ந்து துணியை விறைப்பாக இழுத்து, ஒரு உதறு உதறி, பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்போது முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். மிஷின்கள் போடும் இரைச்சலில் அந்த ஒரு சாணில் மட்டுமே பேச முடியும். அதனால் எங்கள் பேச்செல்லாம் துண்டு துண்டாகத்தான் நடக்கும். ஒரு வாக்கியம், பின்னால் ஆறு அடி, ஒரு உதறல், முன்னால் ஆறு அடி, அடுத்த வாக்கியம். ஒரு குடும்பச் சண்டையைச் சொல்லி முடிக்க நாற்பது விரிப்பாவது பிடிக்கும்.

அண்ணி என்று நான் கூப்பிடுவது உறவுமுறையால் அல்ல. அவர்கள் வீட்டுக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் நான் குடியிருக்கிறேன். அவள் கணவருக்கும் எங்கள் சலவைக்கூடத்தில்தான் வேலை. துவைக்கும் மிஷின்கள் நான்கும் அவர் பொறுப்பு. அண்ணே என்று கூப்பிட்டால் எரிந்து விழுவது கொஞ்சம் குறையும் என்று யாரோ சொல்லித்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒன்றும் குறையவில்லை. கூடத்தில் எல்லோரும் அவரை 'பாய்லர்' என்பார்கள். உண்மையான பாய்லர் பின்கட்டில் இருந்தது. அதற்கு ஆவி வெளியேற ஒரு குழாய் இருந்தது, இவருக்கு அதுவும் கிடையாது என்று அண்ணி சொல்வாள்.

ஒரு தடவை மிஷினில் போடும் துணிக்கு நாங்கள் லாட் என்று சொல்வோம். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு எண் போட்டு, சுவரில் மாட்டிய கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதி வைப்போம். கறை போகவில்லை, சாயம் ஏறிவிட்டது என்று ஓட்டல்காரர்கள் திருப்பி அனுப்பினால் அதற்குப் பெயர் லாட் திரும்புவது. வருடத்துக்கு இரண்டோ மூன்றோ திரும்பும். அன்றைக்கு அண்ணன் பக்கம் யாரும் போக மாட்டோம். தன் வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதைப் போல அவருக்கு முகம் சுண்டிவிடும்.

அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார். எவ்வளவு போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள முதலில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரிலும் வெளுப்புத் தூளிலும் ஊறிய விரல்கள் அவை. நுனியெல்லாம் வெடித்திருக்கும். குத்தும்போது அவர் போடும் சத்தத்துக்குத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அப்புறம்தான் மருத்துவமனையில் மேல்கையில் வெள்ளையாக, வட்டமாக ஒன்றை ஒட்டிவிட்டார்கள். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் வரும். பெட்டியில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் போட்டிருந்தது. எங்களுக்கு அது பொத்தான்.

"சட்டையில ஒரு பொத்தான் ஒழுங்கா போட மாட்டார், கையில மட்டும் தச்சுக்கிட்டு அலையறார் பாரு" என்று அண்ணி சொல்லிச் சிரித்தாள்.

பொத்தான் ஒன்று இரண்டு வாரம் வரும். பிறகு கழற்றிப் போட்டுவிட்டுப் பெட்டியிலிருந்து அடுத்ததை ஒட்டிக்கொள்வார். ஒரு வருடம் தொல்லையில்லாமல் ஓடியது.

அந்த வருடம் மழை ஒரு மாதிரியாகப் பெய்தது. விட்டதும் தெரியாது, பிடித்ததும் தெரியாது. சன்னல் கண்ணாடிகளில் வெளியே ஈரம், உள்ளே ஆவி. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பாலுக்குள் நடப்பதுபோலத் தெரிவார்கள். அந்த நாட்களில்தான் அண்ணன் புதிய பெட்டியைப் பிரித்தார்.

"உங்க அண்ணன் நேத்து எனக்குத் தலை வாரி விட்டார்டி" என்றாள் அண்ணி, முனையை என் கையில் கொடுத்துக்கொண்டே.

நான் ஆறு அடி பின்னால் போய், உதறி, அவசரமாக முன்னால் வந்தேன்.

"யாரு, பாய்லரா?"

"சீப்பைப் பிடுங்கிட்டு உக்காருன்னார். நான் பயந்தே போயிட்டேன்."

போனோம், வந்தோம்.

"கழுத்துக்குப் பின்னாடி ஒரு கத்தை சுருண்டு நிக்குதாம். இருபத்திரண்டு வருஷமா பாத்துக்கிட்டே இருக்காராம். கேக்கறாரு, அதை மட்டும் ஏன் அடக்க மாட்டேங்கறேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? அடுப்புல முட்டை வெந்துக்கிட்டிருக்குன்னேன். வேகட்டும்னுட்டார்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்ததில் விரிப்பு கோணல்மாணலாகப் போய்விட்டது. மறுபடி பிரித்து மடித்தோம்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு செய்தி வந்தது. பேருந்தில் சன்னல் இடத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே எழும் ஆவியையே பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இதுவும் நம்மளை மாதிரிதான், வேலை முடிஞ்சதும் மேல போகுது" என்றிருக்கிறார். அண்ணி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து யாருக்கும் தெரியாமல் மோந்து பார்த்தாளாம். அதை அவர் மிஷின் பின்னாலிருந்து பார்த்தாராம். எந்த ஓட்டல் துணி என்றுகூட ஞாபகம் வைத்திருந்தார்.

நானும் பார்த்தேன். துவைக்கிற இடத்தில் மிஷினின் வட்டக் கண்ணாடிக்குள் துணி சுற்றுவதை முகம் சாய்த்துப் பார்த்தபடி நிற்பார். உதட்டில் ஒரு சிரிப்பு. சட்டை முழுக்க வேர்வை. எங்கள் கூடத்தில் வேர்வையை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? கை கொஞ்சம் நடுங்கும். வயசாகிறது என்று நினைத்தோம். பொத்தானில் எண் மட்டும் அதிகமாகவே வந்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் கொடுத்த அட்டவணை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. எண் ஏறினால் ஊசி மருந்தும் ஏற வேண்டும். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அட்டவணையைப் பார்த்து அப்படியே போட்டுக்கொண்டார்.

ஒரு திங்கள்கிழமை அண்ணி வந்தபோது முகமே வேறாக இருந்தது. பத்து விரிப்பு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

"நேத்து காலைல பீன்ஸ் நறுக்கிட்டிருந்தேன்" என்றாள். போனோம், வந்தோம். "எதிர்ல வந்து உக்காந்தார். உங்கம்மா செத்தன்னிக்கு நான் வேலைக்குப் போயிருக்கக் கூடாதுன்னார்."

எனக்கு அந்தக் கதை தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் காலையில் செய்தி வந்தது. நீ முன்னால் போ, இந்த லாட்டை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு லாட் மூன்று லாட் ஆகி, அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வந்தவர்கள் நாற்காலிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்களாம். அண்ணி அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு நாளும் மறந்ததும் இல்லை. அது நடந்த அடுத்த மாதம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே இதை என்னிடம் சொன்னாள், ஒரு வண்டி விரிப்பு முழுக்க.

"அழுதீங்களா?"

"இல்லடி. பீன்ஸ் நறுக்கி முடிச்சேன். ஆனா நெஞ்சுல உக்காந்திருந்த கல்லை யாரோ எடுத்துட்ட மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு நடக்கறப்ப காலே தரையில படலை."

உண்மையாகவே அன்றைக்கு அவள் வீசிய விரிப்புகள் கூரை வரைக்கும் உப்பி எழுந்தன. கீழே இறங்கவே மனமில்லாமல் மெதுவாக இறங்கின. எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் அண்ணனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, லாட் எண் 41 திரும்பப் பெறப்படுகிறது. அளவீட்டில் பிழை. பயன்பாட்டை உடனே நிறுத்தவும்' என்று இருந்தது. கீழே ஏதோ ஒரு இணைப்பு.

உலகத்தில் வேறு யாருக்கு வந்திருந்தாலும் என்ன லாட், எந்தக் கடை என்று யோசித்திருப்பார்கள். அண்ணனுக்கு லாட் என்றால் ஒன்றுதான். கரும்பலகையைப் பார்த்தார். நாற்பத்தொன்று என்பது ஒரு விருந்து மண்டபத்தின் மேசை விரிப்புகள், துவைத்துத் தேய்த்து வண்டியில் ஏற்றத் தயாராக இருந்தன. எல்லாவற்றையும் இறக்கி மறுபடி மிஷினில் போட்டார். அளவீட்டில் பிழை என்று வந்ததால் சோப்புத்தூளைப் பாதியாகக் குறைத்தார். சுத்தமான துணி இன்னொரு தடவை துவைபட்டது. எங்களுக்கு ஆச்சரியம் என்னவென்றால், அவர் கத்தவே இல்லை.

"லாட் திரும்பிடுச்சாமே, அண்ணே?" என்று பயந்து பயந்து கேட்டேன்.

"பரவால்ல விடு தங்கச்சி. துணியும் பாவம், இந்த மழைல இன்னொரு தடவை வெந்நியில குளிக்கட்டும்" என்றார்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லாட் திரும்பியதற்குச் சிரிக்கிற ஆள் நலமாக இருக்கும் ஆளில்லை.

எட்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். நாற்பத்தொன்று ஏன் இரண்டு தடவை துவைபட்டிருக்கிறது என்று கேட்டார்.

"திரும்பிடுச்சுன்னு அண்ணன் போனுக்குச் செய்தி வந்துச்சாம், சார்."

"எங்க திரும்புச்சு? அது வாசப்படியே தாண்டலியே! வெளியே போகாத துணி எப்படிம்மா திரும்பி வரும்? போய் அந்தச் செய்தியைக் காட்டச் சொல்லு."

அண்ணன் மூன்றாவது மிஷினுக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. அவித்த முட்டையும் ரொட்டியும் பிரிக்கப்படாமல் இருந்தன. வெளியே மழைத் தூறல், மேலே சின்னக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் ஆவியில் பட்டுப் பரவியிருந்தது. அதற்குள் அவர் மிதப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"பாரு, எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான், அன்புள்ளன்னு போட்டு" என்று போனை நீட்டினார்.

படித்தேன். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ஏழு ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துகளை எங்கேயோ பார்த்திருந்தேன். நாளெல்லாம் துணிகளில் தைத்த குறிகளைப் பார்க்கிறவள் நான், எழுத்துகள் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். அண்ணி வீட்டுச் சமையல்கட்டில், துணிக் கிளிப் போட்டு வைத்திருக்கும் காலிப் பெட்டியின் மேல் பார்த்திருந்தேன். பொத்தான் வந்த பெட்டி.

கீழே இருந்த இணைப்பைத் தொட்டேன். பொத்தானின் படம் வந்தது. அதன் அடியில், இந்த லாட்டைச் சேர்ந்த கருவிகள் ரத்தச் சர்க்கரையை உண்மையான அளவைவிட அதிகமாகக் காட்டக்கூடும், இவற்றை நம்பி ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"அண்ணே, ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சே. இருநூத்தி இருபது காட்டுச்சு. பன்னெண்டு போட்டேன்."

"எப்ப?"

"இப்பத்தான். தங்கச்சி, அந்த விரிப்பெல்லாம் பறக்குதா, இல்ல நான் பறக்கறனா?"

அண்ணி என்று நான் போட்ட கூச்சலில் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். அண்ணி ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். எப்படி என்று தெரியவில்லை. அவர் பெட்டகத்தைத் திறந்து, ஒரு வருடமாகத் தொடாத பழைய விரல் மீட்டரை எடுத்து வந்தாள். அவர் விரலைக் குத்தினாள். சத்தமே போடாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறு.

"சக்கரை!" என்று கத்தினாள். தேநீர் போடும் மூலையிலிருந்து நான் டப்பாவோடு ஓடினேன். தண்ணீரில் கலக்கிக் கோப்பையை அவர் வாயில் வைத்தாள். சூப்பர்வைசர் போனில் மருத்துவமனையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ அன்னிக்கு இருந்த மாதிரியேதான் இருக்கே" என்றார் அண்ணன். நாக்கு குழறியது.

"பேசாதீங்க. முழுங்குங்க."

"உன்னை நான் சரியா பாத்துக்கலை."

"முழுங்குங்கன்னு சொல்றேன்ல!"

ஒவ்வொரு மடக்காகக் குடித்தார். பாதி அவர் சட்டையில் கொட்டியது. கால் மணி நேரம் கழித்துக் குத்தினாள். அறுபத்தொன்று. இன்னொரு கோப்பை. எண்பத்தெட்டு. அண்ணன் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"எதுக்கு எல்லாரும் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாக்கறீங்க? இங்க என்ன சர்க்கஸா நடக்குது? ரெண்டாவது மிஷின்ல தண்ணி வழியுது, கண்ணு தெரியலையா ஒருத்தனுக்கும்?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தோம், உயிர் வந்த சிரிப்பு. அண்ணி மட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பிழைத்தாரே என்று அழுதாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பொத்தானைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் மறுபடி விரல் குத்தவும் கத்தவும் ஆரம்பித்தார். மழையும் ஒரு வழியாக விட்டது. தெருவில் சுவர்களும் மனிதர்களும் பளிச்சென்று விளிம்போடு தெரிந்தார்கள்.

அண்ணி மட்டும் பேசவில்லை. விரிப்பை வெடுக் வெடுக்கென்று இழுத்தாள். என் கையிலிருந்து முனை நழுவிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்ன அண்ணி, மனுஷன்தான் பொழைச்சு வந்துட்டாரே?"

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன்." போனோம், வந்தோம். "தலை வாரினது, பேசினது, எல்லாம். அவர் சிரிக்கறார். சக்கரை கொறைஞ்சா மூளைக்குத் தீனி போகாதாம். அப்படித்தான் கொழப்பமா எதையாவது பேசுவாங்களாம். மனசுல வச்சுக்காதீங்கம்மான்னார்."

நான் விரிப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"பதினோரு வருஷம் காத்திருந்தேன்டி. கடைசில அதைச் சொன்னது அவர் இல்ல. ஓட்டைப் பொத்தான் ஒண்ணு சொல்லியிருக்கு."

"அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்."

"கேட்டு, அப்படியா சொன்னேன், எனக்கு ஞாபகமே இல்லையேன்னு சொல்லிட்டார்னா?" என்றாள். "வேணாம். அதுக்குக் கேக்காமலே இருந்துடலாம்."

எனக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிரோடு விளையாடினார்கள், அது ஒன்று. இவளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு அதையும் சேர்த்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்கு எந்தச் செய்தியில் மன்னிப்புக் கேட்பார்கள்?

அடுத்த வாரம் அவர்களிடமிருந்து ஓர் உறை வந்தது. பழைய பொத்தானை அதில் போட்டு, கூடவே ஒரு படிவத்தையும் நிரப்பி அனுப்ப வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி என்னைக் கீழே கூப்பிட்டாள். சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்தேன். அண்ணி எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சன்னலோரம் முகக்கண்ணாடியை மாட்டி வைத்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

பெயர், வயது, எடை எல்லாம் எழுதினேன். அண்ணன் எடையைத் தப்பாகச் சொன்னார், அண்ணி திருத்தினாள், அதற்கு அவர் சண்டை பிடித்தார். பிறகு ஒரு கேள்வி வந்தது. 'கருவியைப் பயன்படுத்திய நாட்களில் கீழ்க்கண்டவை இருந்தனவா?' பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"நடுக்கம்?" என்று படித்தேன்.

"ஆமான்னு போடு" என்றாள் அண்ணி.

"அதிக வேர்வை?"

"ஆமா."

"மயக்கம்?"

"ஆமா."

அடுத்ததைப் படிக்கும்போது என் குரல் இறங்கிவிட்டது. "குழப்பமான பேச்சு?"

அண்ணி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆமான்னு போடு" என்றாள்.

"அதுக்குப் போடாத."

அண்ணன் சன்னல் பக்கமிருந்து திரும்பாமலேதான் சொன்னார். ஒரு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

"டாக்டரே சொன்னார்" என்றாள் அண்ணி.

"டாக்டர் கூடவா இருந்து கேட்டாரு? தலை சுத்துச்சு, ஒத்துக்கறேன். கை நடுங்குச்சு. துவைச்ச துணியையே திரும்பத் துவைச்சேன், அந்த மானக்கேட்டையும் வேணும்னா எழுதிக்க. பேச்சுல ஒரு கொழப்பமும் இல்ல."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா, என்ன பேசினீங்கன்னு?"

நான் எழுந்து மாடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் சவரக் கத்தியை வைத்துவிட்டு வந்து, மேசைமேல் இருந்த மீட்டரை எடுத்தார். விரலைக் குத்தினார். இந்தத் தடவை கத்தவில்லை. சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்து, எண் வரும் வரை எங்கள் இருவருக்கும் நடுவில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நூற்றிப் பதினெட்டு.

"என்ன காட்டுது, படி."

"நூத்திப் பதினெட்டு, அண்ணே."

"கூடவா, கொறைச்சலா?"

"சரியா இருக்கு, அண்ணே."

"சரி." அண்ணியைப் பார்க்கவில்லை. வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டு, ஓட்டல்காரனோடு சண்டை போடுகிற அதே சத்தத்தில் சொன்னார். "உங்கம்மா செத்தன்னிக்கு நான் வேலைக்குப் போயிருக்கக் கூடாது. தப்பு. பெரிய தப்பு."

அண்ணன் திரும்பிப் போய்க் கத்தியை எடுத்து மீதிக் கன்னத்தை மழிக்க ஆரம்பித்தார். சோப்பு மட்டம், கத்தி மொட்டை என்று முணுமுணுத்தார். அண்ணி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்த கையிலும் வெங்காயச் சாறு இருந்ததால் இன்னும் கொட்டியது. நான் பேனாவைப் பிடித்தபடி அவளையே பார்த்தேன்.

"எழுதுடி" என்றாள். "இல்லைன்னு போடு."